கோடு வேறு, வண்ணம் வேறு: பேனா ஓவியத்தை வெக்டராக மாற்றி வண்ணமிடுவது

குடை பிடித்த சிறுமி, அவள் காலடியில் நனைந்த நாய், சாய்ந்து விழும் மழை. இதைக் கறுப்புப் பேனாவால் தாளில் வரைந்து, கைப்பேசியில் படமெடுத்து, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் தானியங்கி டிரேஸ் செய்திருக்கிறீர்கள், அதாவது படத்தை வெக்டராக, கணக்கில் பிடித்த வளைவுகளாக மாற்றியிருக்கிறீர்கள். கோடுகள் சில இடங்களில் பிய்ந்தும் சில இடங்களில் வீங்கியும் வந்திருக்கின்றன. குடைக்குச் சிவப்புக் கொடுத்தால் கோடுகள்தான் சிவப்பாகின்றன, குடைத்துணி வெள்ளையாகவே நிற்கிறது. பக்கெட் கருவியால் நிரப்பினால் நாயின் ரோமத்து இடைவெளிகளின் வழியே வண்ணம் கசிந்து பின்னணி முழுவதும் பரவிவிடுகிறது. எப்படியோ நிரப்பிய இடங்களிலும் கோட்டுக்கும் வண்ணத்துக்கும் நடுவே மெல்லிய வெள்ளை இழை தெரிகிறது. எங்கே தவறு என்பது உங்கள் கேள்வி.

முதல் குறை படமெடுத்த விதத்தில் இருக்கிறது. மற்ற மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். கோட்டுக்குள்ளே வண்ணத்தை ஊற்றப் பார்க்கிறீர்கள். தாளில் அது சரி. ஏனென்றால் அங்கே கோடும் வண்ணமும் ஒரே பரப்பில் படிகின்றன. வெக்டரில் கோடு மேலே ஒரு லேயரில், அதாவது ஓர் அடுக்கில், இருக்க வேண்டும். வண்ணம் அதற்கு அடியில், தனக்கென்று சொந்தமான உருவங்களோடு, வேறொரு லேயரில் இருக்க வேண்டும். கோடு வண்ணத்துக்கு வேலி இல்லை, மேலே கிடக்கும் போர்வை. இதை ஏற்றுக்கொண்டுவிட்டால் உங்கள் வேலையில் பாதி சிக்கல் அவிழ்ந்துவிடும்.

குடைக்கோடு ஏன் சிவப்பானது என்பதிலிருந்து தொடங்குகிறேன். இங்க்ஸ்கேப்பின் டிரேஸ் பிட்மேப் வசதிக்குள் இயங்குவது போட்ரேஸ் என்ற நிரல். அது படத்தைக் கறுப்பு, வெள்ளை என்று இரண்டாகப் பிரித்து, கறுப்புப் பகுதிகளின் எல்லையைச் சுற்றி வளைவுகளை வரைகிறது. நீங்கள் ஒரே இழுப்பில் வரைந்த கோடு அதன் பார்வையில் கோடு அல்ல. இரண்டு கரைகள் உள்ள, நீண்டு மெலிந்த ஒரு கறுப்புத் தீவு. அந்தத் தீவைத் தேர்ந்து சிவப்பைச் சொடுக்கினால் தீவு சிவப்பாகிறது. குடைத்துணி இருக்க வேண்டிய இடத்தில் உருவம் எதுவுமே இல்லை, வெறும் ஓட்டைதான் இருக்கிறது. வண்ணம் தங்குவதற்கு அங்கே இடமில்லை.

இந்த இடத்தில் பலரும் செய்யும் இன்னொரு காரியம், முழு டிரேஸையும் பிரேக் அபார்ட் கொடுத்துத் துண்டு துண்டாக்குவது. உடனே சிறுமியின் முகம் முழுக்கக் கறுப்பாகிவிடும். காரணம், ஓட்டையாக இருந்த முகப்பகுதியும் இப்போது தனிக் கறுப்பு உருவமாகிவிட்டது. பதற வேண்டாம், அன்டூ செய்தால் போதும். டிரேஸ் செய்து வந்த கூட்டுப் பாதையை, அதாவது கரைகளும் ஓட்டைகளும் சேர்ந்த ஒரே உருவத்தை, உடைக்காமல் அப்படியே 'கோடு' என்ற பெயரில் ஒரு லேயரில் வைத்துப் பூட்டிவிடுங்கள். இனி அதைத் தொட வேண்டிய தேவை மிகக் குறைவு.

இப்போது படமெடுக்கும் விஷயம். முதல் கோணல் முற்றும் கோணல் என்பார்கள். இந்த வேலைக்கு அது அப்படியே பொருந்தும். ஸ்கேனர் கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்), கிரேஸ்கேல் (சாம்பல் நிறப்படிகள்). கணக்கைப் பாருங்கள்: 0.3 மில்லிமீட்டர் பேனாக்கோடு 300 டிபிஐ-யில் ஏறக்குறைய மூன்றரை பிக்சல் அகலம்தான் வரும், 600-இல் ஏழு பிக்சல். மூன்றரை பிக்சலில் ஒரு பிக்சல் பிசகினாலே கோடு கால்பங்குக்கு மேல் மெலிந்துவிடும் அல்லது பருத்துவிடும். உங்கள் கோடு பிய்ந்ததற்கும் வீங்கியதற்கும் இதுவே பெரும்பாலும் காரணம். 12 மெகாபிக்சல் கைப்பேசிப் படம் 4000-க்கு 3000 பிக்சல். ஏ4 தாள் சட்டகத்தை விளிம்புவரை நிரப்பினாலும் 340 டிபிஐ அளவுக்குத்தான் தேறும்.

கறுப்பு வெள்ளை என்ற ஒரு பிட் தேர்வில் ஸ்கேன் செய்யாதீர்கள். எது கறுப்பு, எது வெள்ளை என்ற முடிவை ஸ்கேனரிடம் விடக்கூடாது, அது உங்கள் கையில் இருக்க வேண்டும். கோட்டின் ஓரத்திலுள்ள சாம்பல் பிக்சல்கள் அழுக்கல்ல. கோடு அந்தப் பிக்சலை எவ்வளவு மூடியிருக்கிறது என்ற தகவலை அவைதான் சுமக்கின்றன. அதனால்தான் சாம்பல் நிலையிலேயே படத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கிவிட்டு, பிறகு டிரேஸ் செய்தால் கரைகள் மென்மையாக வருகின்றன. போட்ரேஸோடு சேர்ந்தே வரும் எம்கேபிட்மேப் என்ற துணை நிரலும் இதைத்தான் செய்கிறது: பின்னணியைச் சமன்செய்து, இரு மடங்காக்கி, அதன் பிறகே கறுப்பு வெள்ளையாகப் பிரிக்கிறது.

கைப்பேசி மட்டுமே இருக்கிறது என்றால் தாளை மேசையில் சமமாகப் பரப்பி, இரு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் விழும்படி வைத்து, கொஞ்சம் தள்ளி நின்று, ஜூம் செய்து எடுங்கள். மிக அருகில் போய் எடுத்தால் விளிம்புகள் வளையும். நேராக வரைந்த குடைக்காம்பு வில்லாகும். எவ்வளவு கவனமாக எடுத்தாலும் ஒரு மூலை மங்கலாகத்தான் இருக்கும். ஒரே த்ரெஷோல்ட் அளவு, அதாவது கறுப்பையும் வெள்ளையையும் பிரிக்கும் எல்லை, படம் முழுவதற்கும் பொருந்தாமல் போவது இதனால்தான். வெளிச்சமான மூலையில் கோடு பிய்கிறது, இருண்ட மூலையில் தாளே கறுப்பாகிறது. இதற்கு நல்ல மருந்து ஒன்று உண்டு. கிம்ப்பிலோ ஃபோட்டோஷாப்பிலோ படத்தின் நகலை மேல் லேயராக வையுங்கள். கோடுகள் முற்றிலும் கரைந்து வெளிச்ச வேறுபாடு மட்டும் மிஞ்சும் அளவுக்கு அந்த நகலை பிளர் செய்யுங்கள். பிறகு அந்த லேயரின் பிளெண்ட் முறையை, அதாவது கீழ் லேயரோடு அது கலக்கும் விதத்தை, டிவைடு என்று மாற்றுங்கள். நிழல் மறைந்து, தாள் முழுவதும் ஒரே வெள்ளையாகும். அடுத்து லெவல்ஸில் கறுப்பை இறுக்குங்கள். சேமிக்கும்போது பிஎன்ஜி அல்லது டிஃப். ஜேபெக் சுருக்கம் கோட்டைச் சுற்றிப் புள்ளிப் புள்ளியாகத் தூசு கிளப்பும், அவ்வளவையும் டிரேஸ் விசுவாசமாக உருவங்களாக்கித் தரும்.

அடுத்த படத்துக்கு இரண்டு குறிப்புகள். வழவழப்பான தாளில் வரையுங்கள். சொரசொரப்பான தாளில் மை மேடுபள்ளத்தில் தாவுவதால் கோட்டின் கரை முழுவதும் பல்லாகும். அடிக்கோட்டை வெளிர்நீலப் பென்சிலால் போடுங்கள். அழிப்பான் தேவைப்படாது. வண்ண ஸ்கேனில் நீலச் சேனலை மட்டும் எடுத்தால் நீலக்கோடு தாளோடு தாளாக மறைந்துவிடும், கறுப்பு மை மட்டும் நிற்கும். நீலப் பென்சில் நீல ஒளியைத் திருப்பி அனுப்புவதால் அந்தச் சேனலில் அது தாளைப் போலவே பளிச்சென்று தெரிகிறது. மை மட்டும் எல்லா ஒளியையும் விழுங்குகிறது.

டிரேஸ் செய்யும்போது கவனிக்க வேண்டியவை மூன்றே. பிரைட்னஸ் கட்ஆஃப் அளவு கோட்டின் தடிமனைத் தீர்மானிக்கிறது. இயல்பான 0.45-இல் தொடங்கி மேலும் கீழும் நகர்த்தி, தாளில் உள்ள தடிமனோடு ஒப்பிட்டு நிறுத்துங்கள். ஸ்பெக்கிள்ஸ் அளவு தூசியை நீக்கும். அதிகமாக ஏற்றினால் நாயின் கண்மணியில் விட்ட சின்ன வெள்ளை ஒளிப்பொட்டும் போய்விடும், நாய் உயிரிழந்துவிடும். ஸ்மூத் கார்னர்ஸ் அளவைக் கூட்டினால் மூலைகள் உருண்டைகளாகும். குடைக்கம்பியின் கூர்முனை வேண்டுமென்றால் 1-க்குக் கீழேயே வைத்துப் பாருங்கள். அடோபியின் வெக்டர் மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரின் இமேஜ் டிரேஸிலும் பெயர்கள்தான் வேறு. த்ரெஷோல்ட், நாய்ஸ், கார்னர்ஸ் என்று இதே மூன்றையும் அங்கே காணலாம். அதில் வெள்ளையைத் தவிர்க்கும் தேர்வைக் கட்டாயம் போடுங்கள். இல்லாவிட்டால் தாளின் வெள்ளையும் உருவமாகி, அடியில் வைக்கும் வண்ணத்தை மூடிவிடும்.

டிரேஸ் முடிந்ததும் பெரிதாக்கிப் புள்ளிகளைப் பாருங்கள். வெக்டர் வளைவு என்பது நோடுகள் என்ற புள்ளிகளாலும், வளைவை இழுத்துத் திருப்பும் அவற்றின் கைப்பிடிகளாலும் ஆனது. கார் உடலின் வளைவுகளைக் கணக்கில் பிடிப்பதற்காகப் பிறந்த முறை இது. சித்ரோயன் நிறுவனத்தில் பால் த காஸ்தெல்ஜோ 1959-இலேயே இதைக் கண்டடைந்தார். நிறுவனம் அதை வெளியே விடவில்லை. 1960-களில் ரெனோ கார் நிறுவனத்தில் பியர் பெசியே தன் வழியில் அதே இடத்துக்கு வந்து வெளியிட்டதால் வளைவுக்கு அவர் பெயர் நிலைத்தது. அச்சுப் பக்கங்களை விவரிக்கும் 1984-இன் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி வழியாக அது அச்சுக்கு வந்தது, 1987-இல் வந்த இல்லஸ்ட்ரேட்டர் வழியாக ஓவியர் கைக்கு வந்தது. உலோகத் தகட்டுக்காக உருவான கணக்கு இன்று ஒரு சிறுமியின் கன்னத்து வளைவைத் தாங்குவதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான்.

அந்தக் கணக்கின் இயல்பு தெரிந்தால் எத்தனை புள்ளிகள் போதும் என்பதும் தெரியும். ஒரு முழு வட்டத்துக்கு நான்கே நோடுகள் போதும். உங்கள் குடையின் ஒரு வளைந்த விளிம்பில் முப்பது நோடுகள் இருந்தால் அவற்றில் பெரும்பகுதி தாளின் சொரசொரப்பைத்தான் பதிந்து வைத்திருக்கின்றன, உங்கள் கையின் ஓட்டத்தை அல்ல. கண்ட்ரோலும் எல்-உம் சேர்த்து அழுத்தினால் இங்க்ஸ்கேப் பாதையை எளிமையாக்கும். ஒருமுறை அழுத்திப் பாருங்கள். தொடர்ந்து வேகமாக அழுத்தினால் விளைவு கூடிக்கொண்டே போய் முகமே மெழுகாக உருகிவிடும். முகம், விரல், கண் ஆகியவற்றை எளிமையாக்காமல் விட்டுவிட்டு, குடை, தரை, சட்டை மடிப்பு போன்றவற்றில் மட்டும் செய்வது என் வழக்கம். கையால் திருத்தும்போது வளைவின் உச்சி, அடி, இடம், வலம் ஆகிய எல்லைப் புள்ளிகளில் நோடை வைத்துக் கைப்பிடிகளை நேர்க்கிடையாகவோ நேர்ச்செங்குத்தாகவோ இழுங்கள். எழுத்துரு வடிவமைப்பாளர்கள் பின்பற்றும் பழக்கம் இது. பிறகு திருத்துவது மிக எளிது.

எல்லாவற்றையும் டிரேஸ் செய்தாக வேண்டும் என்பதில்லை. சின்னம், இலச்சினை, எழுத்து போன்றவை என்றால் ஸ்கேனை அடியில் மங்கலாக வைத்துக்கொண்டு பென் கருவியால் புதிதாக வரைவதே நல்லது. அங்கே ஒவ்வொரு வளைவும் துல்லியமாக இருக்க வேண்டும். உங்களுடையதுபோல் கை நடுக்கமும் அழுத்தமும் தெரியும் ஓவியத்துக்குத் தானியங்கி டிரேஸ்தான் நேர்மையானது. பென் கருவியால் மறுபடி வரைந்தால் படம் சுத்தமாகும், ஆனால் அது நீங்கள் வரைந்ததாக இருக்காது. பென்சில் நிழலும் நீர்வண்ணக் கழுவலும் உள்ள படங்களை வெக்டராக்கவே வேண்டாம். அவற்றின் அழகு நிறம் படிப்படியாக மங்குவதில் இருக்கிறது. வெக்டர் அதைத் திட்டுத் திட்டாக வெட்டிவிடும்.

இனி வண்ணம். இதில்தான் பொறுமை தேவை, இதில்தான் படம் பிழைக்கும். கோட்டு லேயரைப் பூட்டி, அதன் கீழே 'வண்ணம்' என்று புதிய லேயர் திறங்கள். பின்னால் இருப்பதை முதலில் வரையுங்கள்: மழைவானம், தரை, பிறகு சிறுமியின் தோல், அதன்மேல் சட்டை, அதன்மேல் குடை. தோலுக்கான உருவத்தைச் சட்டையின் விளிம்போடு நிறுத்தாதீர்கள், சட்டைக்கு அடியில் தாராளமாக உள்ளே போகட்டும். சட்டை மேலே வந்து அதை மூடிக்கொள்ளும். கோட்டைச் சந்திக்கும் இடங்களில் வண்ண உருவத்தின் விளிம்பு கோட்டின் தடிமனுக்கு நடுவே ஓட வேண்டும். கோட்டு லேயரைச் சற்றே ஒளிபுகும்படி வைத்துக்கொண்டால் விளிம்பு எங்கே ஓடுகிறது என்று தெரியும். உருவத்தைத் துல்லியமாக வரைய வேண்டிய அவசியமே இல்லை, கோட்டின் அகலத்துக்குள் எங்கே இருந்தாலும் மறைந்துவிடும். பென் கருவியோ பென்சில் கருவியோ, உங்களுக்குக் கை வந்தது எதுவானாலும் சரி.

வெள்ளை இழை ஏன் வருகிறது என்பதற்கும் இங்கேயே விடை இருக்கிறது. இரண்டு உருவங்கள் ஒரே எல்லையைப் பகிர்ந்துகொள்கின்றன, அந்த எல்லை ஒரு பிக்சலின் நடுவே ஓடுகிறது என்று வையுங்கள். முதல் உருவம் அந்தப் பிக்சலை 50 விழுக்காடு மூடுகிறது. அடுத்தது, மிஞ்சியிருக்கும் 50-இல் பாதியை, அதாவது 25-ஐ மட்டும் மூடுவதாகக் கணினி கணக்கிடுகிறது. ஆக 75 தான் மூடப்படுகிறது. 25 விழுக்காட்டில் பின்னணி எட்டிப் பார்க்கிறது. உருவங்கள் ஒட்டாததால் வருவதல்ல இது, மிகச் சரியாக ஒட்டியிருப்பதால் வருவது. எவ்வளவு பெரிதாக்கித் துல்லியப்படுத்தினாலும் போகாது. ஒன்றன்மேல் ஒன்று படியவிட்டால் மட்டுமே போகும்.

பக்கெட் கருவியே வேண்டும் என்றால் அதன் இயல்பைத் தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள். இங்க்ஸ்கேப் பக்கெட் உங்கள் பாதைகளைப் பார்ப்பதில்லை. திரையில் தெரியும் படத்தைப் பிக்சலாகப் பார்த்து, நிரம்பிய பகுதியை டிரேஸ் செய்து புதிய உருவம் தருகிறது. ஆகவே நிரப்ப வேண்டிய பகுதி முழுவதும் திரைக்குள் இருக்க வேண்டும். எவ்வளவு பெரிதாக்கி வைத்திருக்கிறீர்களோ அவ்வளவு நுட்பமாக விளிம்பு வரும். குரோ அளவில் ஒன்றிரண்டு பிக்சல் கொடுத்தால் உருவம் கோட்டுக்கு அடியில் விரியும், வெள்ளை இழை வராது. இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும் தேர்வும் அதில் உண்டு. சட்டைப் பொத்தான், குடைத்துணியின் பட்டைகள் போன்ற மூடிய சிறு பகுதிகளுக்கு இது மிக வேகமான வழி.

இல்லஸ்ட்ரேட்டரில் லைவ் பெயிண்ட் என்ற வண்ணம் நிரப்பும் வசதி 2005-இலிருந்து இருக்கிறது. பலர் அதைப் புகழ்ந்து சொல்வார்கள். அது சிறப்பாக வேலை செய்வது, கோடு ஸ்ட்ரோக்காக, அதாவது நடுவில் ஒரே பாதையும் அதற்குத் தடிமனும் என்ற வகையில் இருக்கும்போது. அப்போது வண்ணம் நடுப்பாதை வரை வந்து கோட்டுக்கு அடியில் ஒளிந்துகொள்கிறது. இரு கரை உள்ள டிரேஸ் கோட்டில் அதைப் பயன்படுத்தினால் வண்ணம் கரையோடு நின்றுவிடும், மறுபடி அதே வெள்ளை இழை. இங்க்ஸ்கேப் 1.0 முதல் சென்டர்லைன் டிரேஸ் வந்திருப்பதால் அங்கேயும் நடுப்பாதையை எடுக்கலாம். ஆனால் பேனாவின் அழுத்த வேறுபாடு முழுவதும் தட்டையாகிவிடும், கோடுகள் சந்திக்கும் இடங்களில் முடிச்சு விழும். சீரான தடிமனில் வரைந்த படங்களுக்கு மட்டுமே அதைப் பரிந்துரைப்பேன்.

வண்ணத் தேர்வில் குறைவாகத் தொடங்குங்கள். ஐந்து அல்லது ஆறு அடிப்படை வண்ணங்களை ஸ்வாட்ச்சாக, அதாவது வண்ணப் பட்டியலில், சேமித்து, உருவங்களை அவற்றோடு இணைத்துவிட்டால், குடைச் சிவப்பை ஓரிடத்தில் மாற்றினாலே அதே சிவப்புள்ள எல்லா இடமும் மாறும். தட்டை வண்ணங்கள் முடிந்ததும் படத்தைச் சாம்பலாக்கிப் பாருங்கள். சிவப்புக் குடையும் பச்சைச் சட்டையும் வண்ணத்தில் எதிரெதிராகத் தெரியும், சாம்பலில் ஒன்றாகிவிடலாம். அப்படியானால் ஒன்றை வெளிறச் செய்யுங்கள். இந்தச் சோதனையைத் தவறவிட்ட படங்கள் சிறிய அளவில் பார்க்கும்போது சேறாகத் தெரியும்.

நிழலுக்குக் கறுப்பைக் கலக்காதீர்கள். மழைநாள் வெளிச்சம் வானத்திலிருந்து குளிர்ச்சியாக வருகிறது. நிழலைச் சற்றே நீலமோ ஊதாவோ நோக்கி நகர்த்துங்கள். ஒவ்வொரு தட்டை வண்ணத்துக்கும் ஒரே ஒரு நிழல் வண்ணம் போதும். நிழல் உருவத்தை அலட்சியமாகப் பெரிதாக வரைந்து, தட்டை உருவத்தின் நகலால் கிளிப் செய்யுங்கள், அதாவது அதற்கு வெளியே உள்ளதை மறைத்துவிடுங்கள். விளிம்பு தானாகப் பொருந்தும். அடிவண்ணத்தை இருட்டாக்கிக் கலக்கும் மல்டிப்ளை முறை வசதியானதுதான், ஆனால் கோப்பை இன்னொரு மென்பொருளில் திறக்கும்போது அது காணாமல்போய் நிழல்கள் வெறும் சாம்பல் திட்டுகளான அனுபவம் எனக்கு உண்டு. அந்தப் படத்தின் நிழல் முழுவதையும் ஓர் இரவில் மீண்டும் வண்ணமிட்டேன். அன்றிலிருந்து நிழலுக்குத் திடவண்ணம்தான்.

கோட்டின் நிறத்தையும் மாற்றலாம். கன்னத்துக் கோடு அடர்பழுப்பாக, குடையின் கோடு அடர்சிவப்பாக இருந்தால் படம் இளகும். அதற்காகக் கோட்டை வெட்ட வேண்டாம். கோட்டின் கூட்டுப் பாதையையே கிளிப்பாக வைத்து, அதற்குள் கறுப்புத் திட்டொன்றை முழுவதும் பரப்பி, அதன்மேல் கன்னத்தருகே பழுப்பு, குடையருகே சிவப்பு என்று திட்டுகளை வைத்தால் போதும். கோடு முழுமையாக இருக்கும், நிறம் மட்டும் இடத்துக்கு இடம் மாறும்.

அச்சுக்குக் கொடுப்பதாக இருந்தால் கறுப்புக் கோட்டை நான்கு மைகளின் கலவையாக விடாமல் 100 விழுக்காடு கறுப்பு மை மட்டுமாக, ஓவர்பிரிண்ட் (அடிவண்ணத்தின் மேலேயே அச்சிடுவது) என்று குறித்துக் கொடுங்கள். தட்டுகள் இம்மி விலகினாலும் மெல்லிய கோட்டின் ஓரத்தில் வண்ண நிழல் விழாது. திரையில் பளிச்சிடும் நீலமும் பச்சையும் சிஎம்ஒய்கே என்ற நான்கு மை அச்சில் மங்கும் என்பதை எதிர்பார்த்தே தேர்ந்தெடுங்கள். இணையத்துக்கு எஸ்விஜி என்ற வெக்டர் கோப்பு வடிவம் போதும். அது எழுத்துக்கோப்புதான், நோடு குறைந்தால் கோப்பின் எடையும் குறையும். மூல ஸ்கேனைத் தொடாமல் தனியாக வைத்திருங்கள். த்ரெஷோல்டை மாற்றி மறுபடி டிரேஸ் செய்யும் தேவை நிச்சயம் வரும்.

மிஞ்சியது நாயும் மழையும். மழைக்கோடுகளை டிரேஸிலிருந்து நீக்கிவிட்டு, தனி லேயரில் ஸ்ட்ரோக்குகளாக வரைந்துவிடுங்கள். அவை ஒரே தடிமனுள்ள சாய்ந்த கோடுகள், டிரேஸ் செய்வதில் எந்த ஆதாயமும் இல்லை. ஸ்ட்ரோக்காக இருந்தால் வெளிர்சாம்பலாக்கவும் மெலிதாக்கவும் சாய்வை மாற்றவும் நொடிப்பொழுது போதும். நாயின் ரோமத்தில் நீங்கள் விட்ட இடைவெளிகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். பக்கெட் கசிகிறது என்பதற்காக அங்கே கோடுகளைச் சேர்த்தால் ஈரநாய் கம்பளிப் பொம்மையாகிவிடும். அதன் அடியில் பழுப்பு உருவம் ஒன்றை வரைந்து, விளிம்பை ரோமக்கோடுகளுக்குக் கொஞ்சம் உள்ளேயும் கொஞ்சம் வெளியேயும் ஓடவிடுங்கள்.